பிளக் மாத்தி மாத்தி கரி பிடிக்குது: பிளக்தான் போயிருக்குன்னு எப்படி உறுதி பண்றது?

மஞ்சக்குப்பம்100:

வணக்கம். 2009 மாடல், 100 சிசி, கார்புரேட்டர் வண்டி. ஓடினது 71,000 கி.மீ. தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டி மரப்பாலம் போய் வர்ற வண்டி.

காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு ஏழெட்டு கிக் ஆகுது. ராத்திரி மழை பெய்ஞ்சிருந்தா பதினஞ்சு. ஸ்டார்ட் ஆயிட்டா ஸ்லோ நல்லா நிக்குது. ஆனா டாப் கியர்ல 45-ஐத் தாண்டி முறுக்கினா விட்டு விட்டு இழுக்குது. பெண்ணையாத்துப் பாலத்துல பின்னாடி ஆள் வெச்சுக்கிட்டு எதிர்காத்துல போனா அடிக்கடி வெட்டுது. மைலேஜ் 60-லேர்ந்து 46-க்கு வந்துடுச்சு.

மூணு மாசத்துல ரெண்டு பிளக் மாத்தியாச்சு. புதுசு போட்டதும் ஒரு வாரம் பரவாயில்ல, அப்புறம் பழைய கதை. ரெண்டாவது பிளக்கை 900 கி.மீ.ல கழட்டினேன்: மூக்கு முழுக்க உலர்ந்த கரி, விரல்ல தொட்டா அடுப்புக்கரி மாதிரி ஒட்டுது. ஒரு மெக்கானிக் டூப்ளிகேட் பிளக்னு சொல்றார். இன்னொருத்தர் கார்புரேட்டர், காயில் (பிளக்குக்கு ஹை வோல்ட்டேஜ் குடுக்கறது) ரெண்டையும் மாத்தச் சொல்றார். கன்னியக்கோவில் பங்க்ல பெட்ரோல் போடறதால, பெட்ரோல்தான் காரணம்னும் சிலர் சொல்றாங்க.

கையில மல்டிமீட்டர், 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், ஃபில்லர் கேஜ் இருக்கு. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி, தப்பு பிளக்குலயா வேற எங்கயாவதான்னு வீட்டுலயே பிரிச்சுப் பார்க்க வரிசை என்ன?

தீப்பொறி_பாண்டி:

ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி கருத்ததுன்னா பிளக் மேல பழி போடாதீங்க. இன்ஜினுக்குள்ள நடக்கறதைத்தான் அது காட்டுது. ஆனா ஒருமுறை கரி பிடிச்சுட்டா அந்தப் பிளக்கும் சேர்ந்து கெட்டுடும். அதனாலதான் புதுசு போட்டா ஒரு வாரம் நல்லா ஓடுது.

முதல்ல பிளக் மேல அச்சடிச்சிருக்கற எழுத்தைப் படிங்க. உங்க வண்டி மேனுவல்ல என்ன நம்பர், இப்ப உள்ளே இருக்கறது என்ன நம்பர், ரெண்டையும் இங்க எழுதுங்க. "இந்த வண்டிக்கு இதுதாங்க வரும்"னு கடையில குடுத்ததை நம்பிப் போட்டு ஏமாறறது ரொம்ப சகஜம்.

கழட்டும்போது இன்ஜின் கையால தொடற அளவுக்கு ஆறியிருக்கணும். ஹெட் அலுமினியம், சூட்டோட திருகினா மரை வந்துடும். கழட்டறதுக்கு முன்னாடி பிளக்கைச் சுத்தி இருக்கற மண்ணை ஊதி எடுத்துடுங்க, இல்லைன்னா அத்தனையும் சிலிண்டருக்குள்ள விழும்.

நிறம் பார்க்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சிக்னல்ல பத்து நிமிஷம் ஸ்லோவுல நின்னு வந்த வண்டியில கழட்டினா எந்தப் பிளக்கும் கறுப்பாத்தான் தெரியும். கிருமாம்பாக்கம் தாண்டி ரோடு காலியா இருக்கற இடத்துல ஒரே வேகத்துல அஞ்சாறு கி.மீ. ஓட்டுங்க. கிளட்ச்சைப் பிடிச்சு, அதே நொடியில கீயை ஆஃப் பண்ணி, உருட்டி ஓரங்கட்டுங்க. ஆறினதும் கழட்டிப் பாருங்க. நடு எலக்ட்ரோடைச் சுத்தி இருக்கற பீங்கான் மூக்கைத்தான் படிக்கணும், வெளி இரும்பு வளையத்தை இல்ல. வெளிர் பழுப்பு, டீத்தூள் தண்ணி காய்ஞ்ச கறை மாதிரி இருந்தா சரி. உலர்ந்த கரின்னா பெட்ரோல் அதிகமாப் போகுது, இல்ல தீ பலமா இல்ல. ஈரமா எண்ணெய் மினுமினுப்போட கறுப்பா இருந்தா பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேஞ்சிருக்கு. சுண்ணாம்பு வெள்ளை, சின்னச் சின்னக் கொப்புளம், எலக்ட்ரோடு முனை உருகின மாதிரி இருந்தா பெட்ரோல் குறைவு அல்லது அதிக சூடு. அந்த வண்டியை அப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழும்.

பீங்கான் வெளிப்பக்கத்துல, இரும்போட சேர்ற இடத்துல பழுப்பா ஒரு வளையம் தெரியும். அதைப் பார்த்து கேஸ் லீக்னு நிறைய பேர் நல்ல பிளக்கைத் தூக்கிப் போட்டுடறாங்க. அது ஹை வோல்ட்டேஜால காத்துல இருக்கற எண்ணெய்த் தூசு ஒட்டின கறை, பிளக்குக்கு ஒரு கெடுதலும் இல்ல. முடி மாதிரி விரிசல் இருக்கா, கீழேர்ந்து மேல பென்சில் கோடு மாதிரி கறுப்பு இழை ஓடுதான்னுதான் பார்க்கணும். அந்தக் கோடு இருந்தா தீ பிளக் கேப்புக்குள்ளயே (பிளக் தலையில மாட்டற மூடி) பீங்கானுக்கு வெளியே தாண்டி எர்த் ஆகுது.

இப்ப மீட்டர். பிளக் மேல்முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் ஓம் பாருங்க. எழுத்துல 'ஆர்' இருந்தா ரெசிஸ்டர் பிளக், சுமார் 5 கிலோ ஓம் காட்டணும். 'ஆர்' இல்லைன்னா கிட்டத்தட்ட பூஜ்யம். ரெண்டு வகையிலயும் ஒண்ணுமே காட்டலைன்னா உள்ளே அறுந்திருக்கு, அந்தப் பிளக் முடிஞ்சுது. அடுத்து மீட்டரை 20 மெகா ஓம்ல வெச்சு மேல்முனைக்கும் இரும்பு உடம்புக்கும் பாருங்க. நல்ல பிளக்ல மீட்டர் அளவே எடுக்காது. கரி பிடிச்சதுல ஏதாவது ஒரு எண் நிக்கும். ரெண்டு புரோப் முனையையும் விரலால அழுத்திப் பிடிக்காதீங்க, உங்க உடம்போட ஓம்தான் வரும்.

அந்த எண் ஏன் முக்கியம்னா, காயில்ல வோல்ட்டேஜ் ஏறிக்கிட்டே வரும்போது கரி வழியா கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்கு வடிஞ்சா, எலக்ட்ரோடு இடைவெளியைத் தாண்டற அளவுக்கு அது எட்டாது. ஸ்லோவுல தாங்கும். ஆக்ஸிலேட்டரைத் திறந்தா சிலிண்டர்ல அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினா அதே 0.7 மி.மீ. இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேணும். பாலத்துல மட்டும் வெட்டறதுக்குக் காரணம் இதுதான்.

இதே காரணத்தாலதான், பிளக்கைக் கழட்டி ஹெட்ல வெச்சு கிக் அடிச்சு "நீலமா வருது, நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிவு பண்ணக் கூடாது. வெளிக்காத்துல 1 மி.மீ. தாண்ட சுமார் 3,000 வோல்ட் போதும். அரை உயிர்ல இருக்கற காயில்கூட அதைக் குடுத்துடும். தீ வரவே இல்ல, அல்லது மஞ்சளா மெலிசா வருதுன்னா அது உண்மையான தகவல். நீலமா வந்தா அது பாதித் தகவல்தான். திருகி இடைவெளி கூட்டற ஸ்பார்க் டெஸ்டர் கிடைச்சா 6 மி.மீ. வெச்சுப் பாருங்க, அதைத் தாண்டினா காயில் தேறும். எப்படிப் பார்த்தாலும் பிளக் உடம்பு ஹெட்ல நல்லா ஒட்டியிருக்கணும். அந்தரத்துல விட்டுக் கிக் அடிச்சா சிடிஐ யூனிட் (காயிலை இயக்கற எலக்ட்ரானிக் பெட்டி) போயிடும். பிளக் ஓட்டைக்கு நேரா வெக்காதீங்க, அது வழியா பெட்ரோல் ஆவி பீச்சும்.

பெட்ரோல் சந்தேகத்துக்கு: கார்புரேட்டர் அடியில இருக்கற டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. பத்து நிமிஷம் விட்டா தண்ணி இருந்தா அடியில தனியா முத்து முத்தா நிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை ஏழ்மையாக்கும் (காத்து அதிகம், பெட்ரோல் குறைவுங்கற மாதிரி), அதாவது பிளக் வெளுக்கற பக்கம் போகும். உங்களுக்குக் கருக்குது. அதனால கன்னியக்கோவில் பங்க்கை விட்டுடுங்க.

காயிலும் கார்புரேட்டரும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரு நேரத்துல ஒரு பொருளை மட்டும் மாத்துங்க. மூணையும் சேர்த்து மாத்தி வண்டி சரியானா, எது தப்புன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதுநகர்_மரைன்:

மேலே அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். மழைக்கு மறுநாள் பதினஞ்சு கிக்னு எழுதியிருக்கீங்க. பிளக் கரி மட்டும் காரணம்னா மழைக்கும் வெயிலுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. ஈரத்துல தீ வழியிலேயே ஒழுகுது. பிளக் கேப்பைப் பாருங்க.

நம்ம கரையோரத்துல உப்புக்காத்து முதல்ல தின்கிறது அந்தக் கேப்புக்குள்ள இருக்கற சின்ன ஸ்பிரிங்கைத்தான். தேவனாம்பட்டினம் பக்கம் நிக்கற வண்டியில கேப் வெளியே புதுசு மாதிரி இருக்கும், டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தா பச்சைப் பூசணம் பூத்திருக்கும். கேப்பை ஒயர்லேர்ந்து இழுக்காதீங்க, இடது பக்கமாத் திருகினா கழண்டு வரும். உள்ளே மரை ஆணி ஒண்ணு ஒயரோட செம்புக்குள்ள இறங்கியிருக்கும். அந்தச் செம்பு கறுத்துப் போயிருந்தா 5 மி.மீ. வெட்டிட்டு, பளபளன்னு செம்பு தெரியற இடத்துல மறுபடி திருகுங்க. ஒயர் இழுபடாத நீளம் இருந்தா மட்டும் வெட்டுங்க.

கேப்போட ரெண்டு முனைக்கும் மீட்டர் வெச்சா பெரும்பாலான வண்டியில 5 கிலோ ஓம் வரணும். வெச்சுக்கிட்டே கேப்பை லேசா ஆட்டுங்க. எண் குதிச்சா கேப் போச்சு.

இன்னொரு சோதனை ராத்திரியில. இருட்டுல வண்டியை ஸ்லோவுல விட்டு, துணிக்குத் தண்ணி தெளிக்கற ஸ்ப்ரே பாட்டிலால கேப் மேலயும் ஒயர் மேலயும் மெலிசாப் பனி மாதிரி அடிங்க. ஒழுகற இடத்துல நீலமா நூல் மாதிரி ஓடறது கண்ணுக்கே தெரியும், 'டிக் டிக்'னு சத்தமும் வரும். கையை மட்டும் கிட்ட கொண்டுபோகாதீங்க.

வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் மிஸ்ஸிங் வந்தாலும் இதே இடம்தான். சில ஹெட்ல பிளக் குழியிலேர்ந்து தண்ணி வடிய சின்ன ஓட்டை இருக்கும். சேறு அடைச்சா குழியில குளம் கட்டிக்கும். மெல்லிய கம்பியால குத்தி விடுங்க.

மஞ்சக்குப்பம்100:

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னைக்குப் பார்த்த அளவெல்லாம் இதோ.

மேனுவல்ல போட்டிருக்கறது சி7ஹெச்எஸ்ஏ. உள்ளே இருந்தது சிஆர்8ஹெச்எஸ்ஏ. மேல்முனைக்கும் எலக்ட்ரோடுக்கும் 4.8 கிலோ ஓம். மேல்முனைக்கும் உடம்புக்கும் 1.4 மெகா ஓம். இடைவெளி 0.7 மி.மீ.

கேப்ல 19 கிலோ ஓம். ஆட்டினா 30-க்குத் தாவுது, சில நேரம் ஒண்ணுமே காட்டல. உள்ளே பச்சை. ஒயர் நுனிச் செம்பு கறுப்பு.

பாட்டில்ல பிடிச்ச பெட்ரோல்ல தண்ணி இல்ல. சோக் நெம்புகோல் முழுசாத் திரும்புது. ஏர் ஃபில்டரை பல்புக்கு எதிர்ல பிடிச்சா மடிப்புல வெளிச்சமே தெரியல.

இப்ப எதை முதல்ல மாத்தறது?

தீப்பொறி_பாண்டி:

தேடினது கிடைச்சாச்சு. ஒண்ணு இல்ல, மூணு: பிளக் நம்பர், கேப், அடைச்ச ஏர் ஃபில்டர்.

பிளக் நம்பர்லேர்ந்து தொடங்கறேன். முதல் எழுத்து சி-ன்னா மரை விட்டம் 10 மி.மீ. ஹெச்-னா மரை நீளம் 12.7 மி.மீ. இந்த ரெண்டும் பொருந்துது, அதனால இன்ஜினுக்கு அடி இல்ல. ஹெச் இடத்துல இ இருந்தா நீளம் 19 மி.மீ.; அதை இதுல திருகினா பிஸ்டன்ல முட்டலாம். வாங்கும்போது அந்த ஒரு எழுத்தை ரெண்டு தடவை பாருங்க.

7-க்கு பதிலா 8 போட்டதுதான் வேற சிக்கல். என்ஜிகே பிளக்ல எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. குளிர்ச்சின்னா மூக்கோட சூடு சீக்கிரம் ஹெட்டுக்கு இறங்கிடும். மூக்கு சுமார் 450 டிகிரியைத் தாண்டினாத்தான் ஒட்டின கரி தானா எரிஞ்சு போகும். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசல்ல ஊர்ற 100 சிசி வண்டியில 8-ஆம் நம்பர் அந்தச் சூட்டை எட்டவே சிரமப்படும். பாஷ் பிளக்ல எண் வரிசை தலைகீழ், எண் ஏறினா சூடு. அதனால கம்பெனி மாத்தி வாங்கறப்ப எண்ணை எண்ணோட ஒப்பிடாதீங்க, பொருத்த அட்டவணையில உங்க வண்டி பேரைப் பாருங்க.

'ஆர்' இருக்கறதால பிளக்ல 5 கிலோ ஓம் கூடுது. நல்ல கேப்போட அதனால ஒண்ணும் ஆகாது. உங்க 19, 30 கிலோ ஓம் கேப்புக்கு மேல அதுவும் சேர்ந்ததுதான் தீயை மெலிசாக்கிடுச்சு.

வரிசை: முதல்ல கேப். ஒயரை வெட்டிப் புதுக் கேப் திருகுங்க, வேற எதையும் தொடாம ரெண்டு நாள் ஓட்டுங்க. அப்புறம் ஃபில்டரும் 7-ஆம் நம்பர் பிளக்கும். இது ரெண்டும் கரி சம்பந்தப்பட்டது, சேர்த்து மாத்தலாம்.

புதுப் பிளக் மேல்முனையில திருகு குமிழ் இருக்கும். உங்க கேப் குமிழைப் பிடிக்கறதா, கீழே இருக்கற மெல்லிய மரையைப் பிடிக்கறதான்னு பழைய பிளக்கைப் பார்த்துத் தெரிஞ்சுக்குங்க. தப்பா விட்டா கேப் லூசா உட்காரும், புதுப் பிளக்லயே மிஸ்ஸிங் வரும். குமிழை வெச்சுக்கறதா இருந்தா குறடால ஒரு பிடி இறுக்கிடுங்க.

இடைவெளி 0.6–0.7. பெட்டியிலேர்ந்து எடுத்தாலும் அளந்துதான் போடணும். ஃபில்லர் கேஜ் இல்லாதவங்களுக்கு ஆக்ஸா பிளேடு சுமார் 0.63 மி.மீ., அது உரசிக்கிட்டு நுழைஞ்சா சரி. வளைக்கறது வெளி எலக்ட்ரோடை மட்டும். நடு எலக்ட்ரோடை நெம்பினா உள்ளே பீங்கான் விரியும், வெளியே தெரியாது.

விரலால கடைசி வரைக்கும் திருகுங்க. பாதியிலயே கனமா வந்தா மரை குறுக்கே ஏறுதுன்னு அர்த்தம், கழட்டி மறுபடி வையுங்க. உட்கார்ந்த பிறகு புது வாஷர்னா ஸ்பேனரால அரைச் சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தா 10–12 நியூட்டன் மீட்டர். ஒருமுறை இறுக்கிக் கழட்டின பிளக்னா வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும்; கடியாரத்தோட சின்ன முள் ஒரு மணி நேரத்துல நகர்ற அளவு போதும். உப்புக்காத்துக்குப் பயந்து மரையில கிரீஸ் தடவாதீங்க. வழுக்கலால அதே கை பலத்துக்கு அதிகமா இறுகி ஹெட் மரை பிடுங்கும். கிரீஸ் வேணும்னா சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ், கேப் ரப்பர் உதட்டுல மட்டும், மெலிசா.

அரியாங்குப்பம்_டூல்ஸ்:

பழைய 7-ஆம் நம்பர் பிளக் கையில இருந்தா தூக்கிப் போட வேண்டியதில்லையே? பெட்ரோல்ல ஊறப் போட்டு, எமரி பேப்பர் தேய்ச்சு, கேஸ் அடுப்புல காட்டினா நல்லா வருமே.

தீப்பொறி_பாண்டி:

பெட்ரோல்ல நனைஞ்ச பிளக்கைக் காய வெக்க அடுப்புல லேசாக் காட்டறது வேற. சிவக்கக் காய்ச்சி ஆற விட்டா பீங்கான் விரியும். எமரி தேய்ச்சா பீங்கான்ல கீறல் விழும், அடுத்த கரி அதுலதான் முதல்ல பிடிக்கும். கம்பி பிரஷ் இன்னும் மோசம்: பித்தளைக் கோடு பீங்கான் மேல படிஞ்சு, அது வழியாவே தீ வடியும். மணல் பீச்சிச் சுத்தம் பண்ற மெஷின்ல மூக்குக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற சந்துல மணல் தங்கிடும், ஓடும்போது சிலிண்டருக்குள்ள விழும். வழியில நின்னுட்டா வீடு வந்து சேர, பல் தேய்க்கற பிரஷும் பெட்ரோலும் போதும். நூத்தம்பது ரூபாய்க்குள்ள வர்ற பொருள். அதுக்காக சிலிண்டரைக் கெடுத்துக்க வேண்டாம்.

பிஎஸ்6_ஒயரிங்:

இதைப் படிக்கிற எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில், பிளக்கை வெளியே எடுத்துவைத்து செல்ஃப் அடிக்கும் சோதனையை அப்படியே செய்யாதீர்கள். இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் தீப்பொறி. முதலில் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுங்கள். சோதனை முடிந்ததும் மாட்ட மறக்காதீர்கள். இன்ஜின் விளக்கு எரிந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

எஃப்ஐ வண்டியில் 'ஆர்' இல்லாத பிளக்கைப் போடவே கூடாது. தீப்பொறியின் ரேடியோ இரைச்சல் சென்சார் ஒயர்களில் ஏறி இசியு-வை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) குழப்பும். பிளக்கில் கோளாறு இல்லாமலேயே மிஸ்ஸிங் வரும்.

மிஸ்ஸிங்கோடு நாள்கணக்கில் ஓட்டுவதும் ஆபத்து. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும். அதை மாற்றும் செலவில் பல ஆண்டுகளுக்குப் பிளக் வாங்கலாம்.

மஞ்சக்குப்பம்100:

நிலவரம் சொல்றேன். கேப் மட்டும் மாத்தி, ஒயர் நுனி 6 மி.மீ. வெட்டி ரெண்டு நாள் ஓட்டினேன். புதுக் கேப் 5.1 கிலோ ஓம். பாலத்துல வெட்டறது நின்னுடுச்சு. நேத்து ராத்திரி மழை, இன்னைக்குக் காலையில மூணு கிக். ஆனா பிளக் கரி குறையல.

அப்புறம் ஃபில்டரும் சி7ஹெச்எஸ்ஏ பிளக்கும் மாத்தினேன், இடைவெளி 0.65. கிருமாம்பாக்கம் தாண்டி கீ ஆஃப் பண்ணி, ஆறவிட்டுக் கழட்டிப் பார்த்தா மூக்கு வெளிர் பழுப்பு. உடம்புக்கும் முனைக்கும் மீட்டர் அளவே எடுக்கல. வெளி வளையத்துல மட்டும் கொஞ்சம் கரி இருக்கு, அது பரவாயில்லையா?

தீப்பொறி_பாண்டி:

வெளி வளையத்துல மெலிசாக் கரி இருக்கறது ஸ்லோ கலவையைக் காட்டும். புது ஃபில்டர் போட்டதும் ஸ்லோ மாறியிருக்கும். இன்ஜின் நல்லா சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்பிப் பாருங்க. ஆர்பிஎம் ஏறினா அங்கேயே விட்டு, ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைச்சுக்குங்க. ஏறலைன்னா பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க. உங்க கார்புரேட்டர்ல அந்த ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தாத்தான் இந்தக் கணக்கு; இன்ஜின் பக்கம் இருந்தா அது பெட்ரோல் ஸ்க்ரூ, திசை நேர் எதிர்.

1,000 கி.மீ. ஆனதும் ஒருமுறை கழட்டி நிறம் பார்த்து எழுதுங்க. அப்பவும் பழுப்பா இருந்தா காயிலையும் கார்புரேட்டரையும் தொட வேண்டியதே இல்ல. மறுபடி உலர்ந்த கரி வந்தா ஃப்ளோட் நீடில் (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை அடைக்கற ஊசி) தேய்மானம் பார்க்கணும். அதுக்குள்ள ராத்திரி நிறுத்தின வண்டிக்கு அடியில பெட்ரோல் வாசனை வருதான்னு மட்டும் கவனிச்சு வையுங்க.